வளைபாதம்: ஆபரேஷனா, மாவுக்கட்டா?

ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்று, பாதம் உள்ளே திரும்பி, குதிகால் மேலேறிப் பிறக்கிறது. பார்த்ததும் பெற்றோர் கேட்பது, "ஒரே ஆபரேஷன்ல சரி பண்ணிட முடியாதா டாக்டர்?" என்றுதான். வேறு கோளாறு எதுவும் இல்லாத குழந்தை என்றால், முதலில் மாவுக்கட்டு என்பதே என் முடிவு.

பெரிய அறுவை சிகிச்சையில் பாதத்தின் பின்புறமும் உட்புறமும் திறந்து, இறுகிய தசைநாண்களையும் மூட்டு உறைகளையும் தளர்த்துவார்கள். பாதம் சீக்கிரமே நேராகிவிடும். வினை பிற்பாடுதான் தெரியும். இப்படிச் சிகிச்சை பெற்றவர்களை 25 ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பரிசோதித்த அமெரிக்க எலும்பு மருத்துவர் மேத்யூ டாப்ஸின் குழு 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. பலருக்குக் கால் விறைத்து, மூட்டுத் தேய்மானமும் வந்திருந்தது. எவ்வளவு விரிவாகத் திறந்தார்களோ, அவ்வளவு பாதிப்பு.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து எலும்பு மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கிய மாவுக்கட்டு முறைக்கும் நீண்டகாலக் கணக்கு உண்டு. குழந்தைப் பருவத்தில் கட்டுப் போடப்பட்டவர்களைச் சராசரியாக 34 வயதில் பார்த்தபோது, 78 சதவீதத்தினரின் பாதம் நன்றாக இருந்தது. பிறவியிலேயே நல்ல பாதம் உள்ளவர்களிலேயே அது 85 சதவீதம்தான்! இந்த முடிவு வெளியானது 1995-ல். பொன்செட்டி இம்முறை பற்றி எழுதியதோ 1963-ல். இடையில் எத்தனை குழந்தைகள் வீணாகக் கத்திக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் ஆதங்கமாக இருக்கிறது.

எல்லா மாவுக்கட்டும் பொன்செட்டி கட்டு அல்ல. கணுக்காலின் தாலஸ் எலும்புத் தலையைக் கட்டைவிரலால் தாங்கிக்கொண்டு, முன்பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்த வேண்டும். குதிகாலைப் பிடித்துத் திருப்பக் கூடாது. முழங்காலை மடக்கித் தொடை வரை கட்டு. வாரம் ஒன்றாக ஐந்தாறு கட்டுகள். அப்புறம் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சின்னக் கீறலில் குதிகால் தசைநாணை வெட்டிவிட்டு, மூன்று வாரம் கடைசிக் கட்டு. வெட்டிய நாண் அதற்குள் தானே கூடிவிடும்.

பிரெஞ்சு முறை என்று இன்னொன்றும் உண்டு. அதில் கட்டே கிடையாது. தினசரி பிசியோதெரபி, பிளாஸ்திரி ஒட்டுதல். அமெரிக்காவின் டல்லாஸில் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட 2008 ஆய்வில் ஆரம்பத் திருத்தம் இரண்டிலும் 95 சதவீதம் அளவில் இருந்தது. ஆனால் மாதக்கணக்கில் தினமும் பிசியோவுக்கு அலைய எத்தனை குடும்பத்தால் முடியும்?

பொன்செட்டி முறையின் பலவீனம் பிரேஸ். இரண்டு ஷூக்களையும் கம்பியால் இணைத்த அதை மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கு வயது வரை தூங்கும்போதும் மாட்ட வேண்டும். பாதம்தான் நேராகிவிட்டதே என்று கழற்றிவைக்கும் வீடுகளில்தான் வளைவு அதிகம் திரும்புகிறது. திரும்பினால் மறுபடி கட்டு. சிலருக்குத் தசைநாண் இடமாற்ற அறுவை சிகிச்சையும் தேவைப்படும்.

இந்தியாவில் குழந்தைகளின் உடல்நலக் கோளாறுகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு உதவும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் வளைபாதமும் சேர்ந்திருக்கிறது. முதல் கட்டுக்குப் போகும்போதே பிரேஸ் யார் தருவார்கள், கால் வளர்ந்ததும் அடுத்த அளவு எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.