“சீல்டு பாக்ஸ் ப்ரோ” என்று சொன்னால் நம்பி விடாதீர்கள்: மாடல் கார் கிட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பிளாஸ்டிக் மாடல் கார் கட்டிப் பெயின்ட் அடிக்கிறவர்கள் நம் பக்கம் குறைவுதான், அதனால் ஒருவர் ஏமாந்த கதை இன்னொருவர் காதுக்குப் போய்ச் சேருவதில்லை. விற்கிறவனுக்கு அதுதான் வசதி. அதனால் நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். பதிவு நீளம், ஆனால் வாங்கும் எண்ணம் இருக்கிறவர்கள் முழுசாகப் படித்து விடுங்கள்.

நான் தேடிக்கொண்டிருந்தது ஜப்பான் கம்பெனி டாமியாவின் 1/24 (நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவு) கிட், நிசானின் கால்சோனிக் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்32. தெரியாதவர்களுக்கு: ஜப்பான் டூரிங் கார் போட்டியில் 1990 முதல் 1993 வரை குரூப் ஏ பிரிவில் ஓடிய 29 பந்தயங்களில் 29-லும் ஜெயித்தது இந்த ஆர்32 தான். 1990-இல் சாம்பியன் பட்டம் வாங்கிய வண்டி இந்த நீலக் கால்சோனிக், ஓட்டியவர்கள் கசுயோஷி ஹோஷினோவும் தோஷியோ சுசுகியும். உடம்பு முழுக்க நீலம், பக்கவாட்டில் பெரிய வெள்ளை எழுத்தில் கால்சோனிக் என்ற ஸ்பான்சர் பெயர், கதவில் 12. அந்த வெள்ளை எழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

ஏன் இன்ஸ்டாகிராமில் ஒரு தனி ஆளிடம் வாங்கப் போனாய் என்று கேட்பீர்கள். இங்கே நிலைமை அப்படி. சுங்கத்துறைக் கணக்கில் ஸ்கேல் மாடலும் பொம்மையும் ஒரே தலைப்பு, 9503. பொம்மைக்கான அடிப்படை இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-இல் அது 70 ஆனது. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை வேறு கட்டாயம். குழந்தை வாயில் போடும் கிலுகிலுப்பைக்குப் போட்ட விதி, நாற்பது வயது ஆள் கத்தியும் பசையும் வைத்துக்கொண்டு ஒட்டும் கிட்டின் தலையிலும் விழுந்தது. இறக்குமதி செய்து ஒழுங்காக பில் போட்டு விற்ற கடைகளில் சரக்கு வற்றிப் போனது, இருப்பதும் யானை விலை. அந்த இடைவெளியில் முளைத்தவர்கள்தான் இந்த “டிஎம் ஃபார் பிரைஸ்” ஆட்கள். எல்லோரும் மோசம் என்று சொல்லவில்லை, நேர்மையாக விற்கிறவர்களிடம் நானே வாங்கியிருக்கிறேன்.

இந்த ஆள் தமிழ்தான், நன்றாகப் பேசினான். பெயரையும் கணக்கையும் இங்கே போடவில்லை, புகார் ஓடிக்கொண்டிருக்கிறது, அதோடு கணக்கின் பெயரை அவன் சட்டை மாற்றுவது மாதிரி மாற்றுகிறான். படம் அனுப்பினான்: பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்ட பெட்டி. “ஃபேக்டரி சீல்டு ப்ரோ, பிரிக்கவே இல்ல.” விலை 4,800, கூடவே “டாமியா லாக்கர் தின்னர் மாதிரியே” ஒன்று நூறு மில்லி பாட்டிலில் 250, கூரியர் 150. யுபிஐ-யில் போட்டேன். பணம் போன பெயர் வேறு, ஆளின் பெயர் வேறு. கேட்டதற்கு “மச்சான் அக்கவுன்ட் ப்ரோ” என்றான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். டாமியா, ஹசெகாவா, ஃபுஜிமி, அயோஷிமா என்று ஷிசுவோகா மாகாணக் கம்பெனிகளின் கிட்டுகள் ஜப்பானில் பொதுவாக மேலுறை இல்லாமல்தான் கடைக்கு வருகின்றன. மூடியைத் தூக்கினால் திறந்துவிடும், அங்கே கடையில் நின்று திறந்து பார்த்தே வாங்குகிறார்கள். மேலே இருக்கும் அந்தச் சுருக்கு உறை பல நேரம் இடையில் ஏதோ ஒரு விநியோகஸ்தரோ கடைக்காரரோ போட்டது. இந்த ஷ்ரிங்க் கவரும் அதைச் சுருக்கும் ஹாட் கனும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஸ்வீட் கடை கிஃப்ட் பாக்ஸுக்குப் போடுகிறார்களே, அதே சாமான். ஆகவே வெளியுறை எதற்கும் சாட்சி இல்லை. உள்ளே ரன்னர்களை (பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள்) போட்டிருக்கும் பைகள் பிரிபடாமல் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

பெட்டி வந்தது. வீடியோ எடுத்துக்கொண்டே திறந்தேன், அது எப்போதும் என் வழக்கம். உள்ளே பைகள் எல்லாம் ஓரத்தில் கத்தரிக்கப்பட்டு செலோ டேப் ஒட்டியிருந்தது. பாடி இருந்தது, ரன்னர்கள் இருந்தன, கண்ணாடிப் பாகங்கள் இருந்தன. டயர் நான்கும் இருந்தன, ஆனால் அவை பள்ளம் வெட்டிய சாதாரண ரோடு டயர்கள். குரூப் ஏ பந்தயக் காருக்கு வழவழப்பான ஸ்லிக் டயர்தான் வரும், பெட்டியின் பக்கப் படத்திலேயே தெரிகிறது. வீலில் மாட்டிப் பார்த்தால் லொடலொடவென்று சுற்றியது. வேறு ஏதோ கிட்டின் டயர்.

டயரை விடுங்கள், அதை எப்படியாவது தேற்றலாம். டீகால் தாள்தான் (தண்ணீரில் நனைத்து பாடியில் ஒட்டும் எழுத்தும் எண்ணும் அச்சடித்த தாள்) உச்சம்.

முதல் பார்வைக்கு ஒன்றும் தோன்றாது. அதே அளவு, அதே வரிசையில் எண்கள், அதே வெளிர் நீலப் பின்னணி. ஜன்னல் பக்கம் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். நல்ல டீகால் தாளைச் சாய்த்தால் ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி மெல்லிய வார்னிஷ் படலத்தின் விளிம்பு தனித்தனியாக மின்னும், வெட்டும்போது அந்த விளிம்பை ஒட்டித்தான் வெட்டுவோம். இதில் விளிம்பே இல்லை, தாள் முழுக்க ஒரே பளபளப்பு. அப்புறம் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: வெளிர் நீலம் தாளின் நிறமே இல்லை, அச்சடித்த நிறம்! வெள்ளை எழுத்துகள் அச்சாகவே இல்லை, அவற்றைச் சுற்றியுள்ள இடம்தான் அச்சாகியிருக்கிறது. வீட்டுப் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது. யாரோ ஒரிஜினல் டீகாலை அதன் பின்தாள் நிறத்தோடு அப்படியே ஸ்கேன் செய்து, கடையில் கிடைக்கும் வெற்று டீகால் பேப்பரில் இன்க்ஜெட்டில் அடித்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டேன். எழுத்து நழுவி வருவதற்குள் நீலம் கரைந்து கிண்ணமெல்லாம் பரவி விட்டது.

இந்த டீகாலை நீல பாடியில் ஒட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, ஒன்றுமே தெரியாது. இல்லையென்றால் வேறு நீலத்தில் ஒரு கட்டம் தெரியும். கால்சோனிக் கார் என்று சொல்லிக் கொள்ள மிச்சம் ஒன்றும் இருக்காது.

தாளின் கீழ் இடது மூலையில் பழுப்பாக ஓர் ஈரக்கறை இருந்தது. கறை பட்ட காகிதம் கொஞ்சமாவது சுருங்கும், தடவினால் மேடு பள்ளம் தெரியும். இது தட்டையாக இருந்தது. கறையும் ஸ்கேனில் விழுந்து அச்சாகியிருக்கிறது! கூட வந்த விளக்கப் புத்தகத்தின் அதே மூலையில் அதே வடிவத்தில் நிஜக் கறை, அங்கே காகிதம் சுருங்கியிருந்தது. ஆக ஒரிஜினல் டீகால் இந்தப் பெட்டிக்குள்தான், இந்தப் புத்தகத்தோடு சேர்ந்துதான் கிடந்திருக்கிறது, அதை யாரோ உருவி எடுத்துவிட்டு நகலை வைத்திருக்கிறார்கள்.

எங்கே போனது? தேடினேன். மாடல் பாகங்களைத் தனித்தனியாக விற்கும் வேறொரு கணக்கில், “ஒரிஜினல் டீகால், ரேர், 1,900 மட்டும்” என்று ஒரு பதிவு. படத்தில் இடது மூலையில் என் கறை. அடுத்த படத்தில் நான்கு ஸ்லிக் டயர் 1,200 ரூபாய்க்கு, அதே பச்சை நிறக் கட்டிங் மேட் மேலே வைத்து எடுத்தது. என்னிடம் பெட்டி விற்றவனின் படங்களிலும் அதே மேட், அதே இடத்தில் ஒரு கருப்புப் பெயின்ட் திட்டு. ஒரு கிட்டைப் பிரித்து மூன்று பேருக்கு விற்கிறான், கடைசி ஆளுக்கு மிச்சத்தை முழு விலைக்கு உறை சுற்றித் தருகிறான். ரொம்ப நாளாக நடக்கிற தொழில் என்றுதான் தோன்றுகிறது, ஒரே ஒரு டீகாலுக்காக யாரும் ஸ்கேனரைத் தூசி தட்ட மாட்டார்கள்.

தின்னர் பாட்டிலைத் திறந்ததுமே ஹார்டுவேர் கடை வாசம். தேவையில்லாத ஒரு ரன்னர் துண்டில் ஒரு சொட்டு விட்டுக் காய வைத்தேன். அந்த இடம் முதலில் பிசுபிசுத்தது, காய்ந்த பிறகு மேற்பரப்பு முழுக்க நுண்ணிய வெடிப்புகள், நகத்தால் கீறினால் பொடியாக வந்தது. மர பாலிஷ் போடுகிறவர்கள் லிட்டர் கணக்கில் வாங்கும் என்சி தின்னர் என்பது என் முடிவு. அதில் டொலுயீன் மாதிரி சரக்குகள் இருக்கும், பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பிரைமர் போட்ட பாடியில் மெல்லிசாக ஏர்பிரஷ் அடித்துச் சமாளிக்கிற கைகாரர்கள் உண்டு, அவர்கள் என்ன என்று தெரிந்தே வாங்குகிறார்கள். “டாமியா மாதிரியே” என்று சொல்லி, முதல் கிட் கட்டும் ஒரு காலேஜ் பையனிடம் விற்றால் அவன் பாடியை மட்டும் நாசம் பண்ண மாட்டான், மூடிய அறையில் மாஸ்க் இல்லாமல் அதை இழுத்து மூச்சும் விடுவான். எனக்குக் கோபம் வந்தது டீகாலை விட இதில்தான்.

அப்புறம் பேச்சுவார்த்தை. வீடியோ அனுப்பினேன். அதுவரை ப்ரோவாக இருந்த நான் அன்றிலிருந்து சார் ஆனேன். முதல் பதில், “ஓல்டு ஸ்டாக் சார், கம்பெனியே ரீபிரின்ட் டீகால் போடுவாங்க.” கம்பெனி மறுபடி அடித்தால் அதே தரத்தில் வெள்ளை மையோடு அடிக்கும், ஈரக்கறையையும் சேர்த்து அடிக்காது என்றேன். இரண்டாவது பதில், “சீல் ஓபன் பண்ணிட்டீங்க சார், ரிட்டர்ன் பாலிசி இல்ல.” திறக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மற்றக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிய மறு நிமிடம் ப்ளாக். இன்னொரு நம்பரிலிருந்து பிறகு ஒரு சமாதானத் தூது: ஆயிரம் ரூபாய் தருகிறேன், மாடல் கட்டுகிறவர்கள் குரூப்பில் நீங்கள் போட்ட பதிவை எடுத்து விடுங்கள் என்று. எடுக்கவில்லை.

சட்டப்படி நம் பக்கம் இடம் இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி குறையுள்ள, போலியான, அல்லது விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்ல முடியாது. விற்கிறவரே “நோ ரிட்டர்ன்” என்று எழுதிவிட்டால் அது சட்டம் ஆகிவிடாது. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம், புகார் எண் கொடுப்பார்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பணமோசடி என்று போக வேண்டுமென்றால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும், நாள் கடத்தினால் பணம் கைமாறிக்கொண்டே போகும். நடைமுறையில் முட்டுவது ஒரே இடத்தில்தான்: எதிராளியின் முகவரி. பில் இல்லை, ஜிஎஸ்டி இல்லை. என்னிடம் இருந்தது கூரியர் உறையில் ஒட்டிய அனுப்புநர் சீட்டு மட்டும்தான், அதை வைத்துத்தான் புகார் நகர்கிறது. உறையைக் குப்பையில் போடுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

இனி வாங்கும்போது நான் என்ன செய்கிறேன் என்றால், பணம் போடுவதற்கு முன் மூடியைத் திறந்து படம் கேட்கிறேன். ரன்னர் பைகளின் நான்கு ஓரமும் தெரிய வேண்டும், டீகாலை வெளிச்சத்தில் சாய்த்து ஒரு சின்ன வீடியோ வேண்டும், பக்கத்தில் அன்றைய தேதியும் என் பெயரும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். “சீல் பிரித்தால் வேல்யூ போயிடும் ப்ரோ” என்று இழுக்கிறவரிடம் நன்றி சொல்லி நகர்ந்து விடுகிறேன். பழைய கிட்டில் டீகால் மஞ்சளாகிப் போயிருப்பது சகஜம், அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினாலே ஓரளவு வெளுக்கும், அதற்காக நல்ல விற்பனையாளரோடு சண்டை போட வேண்டாம். மஞ்சள் வயசு. நகல் திருட்டு. பெயின்டும் தின்னரும் மூடி பிரிக்காத ஒரிஜினல் பாட்டிலில் மட்டும்தான், ஊற்றிக் கொடுப்பது எதுவானாலும் வேண்டாம்.

பாடிக்கு பிரைமர் அடித்து வைத்திருக்கிறேன், தனியாக டீகால் அச்சடித்து விற்கும் ஒரு நல்ல கம்பெனியின் தாள் ஆர்டர் போட்டிருக்கிறேன், வெள்ளை மையோடு. அது வரும்போது வரட்டும்.

இப்போது ஒரு வேண்டுகோள். மூலையில் கறை உள்ள அந்தக் கால்சோனிக் டீகாலையோ அந்த ஸ்லிக் டயர் செட்டையோ வாங்கியவர் இதைப் படித்தால் பயப்பட வேண்டாம், உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பொருளும் வேண்டாம். நீங்கள் பணம் போட்ட யுபிஐ ஸ்கிரீன்ஷாட்டும் அவன் அனுப்பிய படமும் மட்டும் தனிச் செய்தியில் அனுப்பி உதவுங்கள். இரண்டு கணக்கும் ஒரே ஆள்தான் என்று காட்ட எனக்கு அது போதும்.