ஏஜென்ட் வழியாக ஆஸ்திரேலியப் பார்ட்னர் விசா: கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது என்ன

ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்ற நான், இந்தியாவில் இருந்த என் கணவரை இங்கே அழைத்துக்கொள்வதற்காக மெல்பேர்னில் உள்ள ஒரு மைக்ரேஷன் ஏஜென்ட் அலுவலகத்தை அமர்த்தினேன். அவருக்குத் தற்காலிக விசாவான 309 கிடைத்து, அவர் வந்து சேர்ந்து, நிரந்தர வதிவிடத்துக்குரிய 100 விசாவின் கட்டத்தையும் இப்போது எட்டிவிட்டோம். அலுவலகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்த ஏஜென்டிடம் சென்றாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதுதான் விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆதாரங்களை வகைப்படுத்தித் தந்த வேலைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், படிவம் நிரப்பித் தந்தது எங்களாலேயே முடிந்திருக்கக்கூடிய வேலை, தகவல் தெரிவிப்பதில் அவர்கள் காட்டிய அலட்சியத்துக்குப் பாதி மதிப்பெண்கூடத் தர மனம் வரவில்லை.

செலவைப் பற்றி முதலில். 309, 100 ஆகிய இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்தான், அரசுக் கட்டணமும் ஒரே தடவைதான். இந்தக் கட்டணம் ஜூலை 1 தோறும் உயர்வது வழக்கம். நாங்கள் செலுத்திய பிறகும் உயர்ந்து, 2025 ஜூலையில் முதன்மை விண்ணப்பதாரருக்கு 9,365 ஆஸ்திரேலிய டாலரானது. கார்டில் செலுத்தினால் அதற்குமேல் ஒரு சிறு விழுக்காடு சேரும். மருத்துவப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, மொழிபெயர்ப்பு ஆகியவை தனி. விசா மறுக்கப்பட்டால் அரசுக் கட்டணம் பொதுவாகத் திரும்ப வராது. இவ்வளவு பணம் ஒரே விண்ணப்பத்தில் முடங்கும்போது, ஏஜென்டுக்கும் சில ஆயிரம் டாலர் கொடுக்கலாமா என்ற தயக்கம் எல்லோருக்கும் வரும். அதே காரணத்தால்தான், விண்ணப்பம் பழுதில்லாமல் போகட்டும் என்று ஏஜென்டைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு எண்ணங்களுமே நியாயமானவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்திரேலியாவுக்குள் கட்டணம் வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்ல வேண்டுமானால், ஒருவர் பதிவுபெற்ற மைக்ரேஷன் ஏஜென்டாகவோ சட்டத் தொழில் செய்பவராகவோ இருக்க வேண்டும். பதிவுபெற்ற ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் மார்ன் எனப்படும் ஏழு இலக்கப் பதிவு எண் உண்டு. ஒமாரா எனப்படும் பதிவு அமைப்பின் இணையதளத்தில் அதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நாங்கள் சென்ற அலுவலகத்தில் அந்த எண் மேசைமேல் இருந்த அட்டையிலேயே அச்சாகியிருந்தது. வேலையைத் தொடங்குமுன் நுகர்வோர் வழிகாட்டியையும், கட்டண விவரத்துடன் எழுத்து ஒப்பந்தத்தையும் தந்தார்கள். இவையெல்லாம் அவர்கள் செய்தே ஆக வேண்டியவை என்பதால் பாராட்டாகச் சொல்லவில்லை. இவற்றைத் தராமல் முன்பணம் கேட்கிறவரிடமிருந்தும், விசா நிச்சயம் கிடைக்கும் என்று வாக்குறுதி கொடுக்கிறவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுவது நல்லது.

கொடுத்த பணத்துக்குப் பெரும் மதிப்பு கிடைத்தது முதல் ஆலோசனையில்தான். 1994ஆம் ஆண்டின் குடிவரவு விதிமுறைகள் கணவன் மனைவி உறவை நான்கு கோணங்களிலிருந்து பார்க்கச் சொல்கின்றன: பண விவகாரங்கள், குடும்பம் நடத்தும் விதம், சமூகத்தில் இருவரும் அறியப்படும் விதம், ஒருவர்மேல் ஒருவர் கொண்ட உறுதிப்பாடு. இதை எந்த இணையதளத்திலும் படித்துவிடலாம். ஆனால் திருமணத்துக்குப் பிறகும் பெரும்பாலான காலம் வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு, ‘குடும்பம் நடத்தும் விதம்’ என்ற தலைப்பின்கீழ் எதை வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. ஒரே முகவரியில் மின்கட்டண ரசீது இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை. அந்த ஏஜென்ட் அம்மையார் என் வங்கிக் கணக்கு அறிக்கையைத் தாள் தாளாகப் புரட்டி, மாதந்தோறும் நான் அனுப்பிய பெரிய தொகைகளைத் தாண்டிச் சென்று, ஒரு சிறிய தொகையின்மேல் பென்சிலை வைத்தார். என் மாமியாரின் மருந்துக்காக அனுப்பிய பணம் அது. குறிப்பிலும் அப்படியே எழுதியிருந்தேன். “பணம் அனுப்பியது எல்லோரிடமும் இருக்கும், அந்த வீட்டின் பொறுப்பை நீங்கள் பகிர்ந்துகொண்டீர்கள் என்பதை இதுதான் காட்டுகிறது” என்றார். அதன் பிறகு, அந்த மருந்துச் சீட்டு, அந்த வாரத்தில் எங்களுக்குள் நடந்த உரையாடலின் பக்கம், நான் ஊருக்குச் சென்றிருந்தபோது அந்த வீட்டு முகவரிக்கு என் பெயரில் வந்த அஞ்சல் ஆகியவற்றை ஒன்றாக அடுக்கச் சொன்னார். நூற்றுக்கணக்கான புகைப்படங்களைவிட இந்த நான்கைந்து தாள்கள் கூடுதலாகப் பேசும் என்பது அவர் கருத்து. புகைப்படங்களில் எங்கள் இருவரையும் குடும்பத்தாருடன் காட்டும் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தேதியும் இடமும் எழுதச் சொன்னார்.

இந்தக் கண்தான் அனுபவத்தின் பயன். சொந்தமாக விண்ணப்பிக்கிறவர்களும் இதைக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் தம் வாழ்க்கையைத் தாமே வெளியாள் போலப் பார்ப்பது எளிதில்லை. சூப்பர் எனப்படும் ஓய்வூதிய நிதியில் கணவரை வாரிசாக நியமித்திருந்தது எனக்குச் சாதாரணமான அலுவலகக் காகிதமாகத்தான் தெரிந்தது. அவர் அதை உறுதிப்பாட்டுக்கான ஆதாரத்தில் முதலில் வைத்தார்.

இருவரும் தனித்தனியாக எழுத வேண்டிய வாக்குமூலங்களில்தான் அந்த அலுவலகத்தின் இரண்டு முகங்களையும் பார்த்தேன். உதவியாளர் ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பிய மாதிரி வரைவில், பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றினால் எந்தத் தம்பதிக்கும் பொருந்திவிடும் வாக்கியங்கள் இருந்தன. ‘ஒருவரையொருவர் ஆழமாக நேசிக்கிறோம், வாழ்நாள் முழுதும் இணைந்திருப்போம்’ என்பது போன்றவை அவை. பொய் இல்லை என்றாலும், எங்கள் வாழ்க்கையில் நடந்த எதையும் அவை சொல்லவில்லை. ஒரே அலுவலகத்திலிருந்து ஒரே நடையில் பல வாக்குமூலங்கள் போய்ச் சேர்ந்தால், அதிகாரிக்கு ஐயம் எழுவது இயல்புதானே. இதை அம்மையாரிடம் சொன்னபோது அவர் வரைவை ஒதுக்கிவிட்டுக் கேள்விகளாகக் கேட்டார்: “உங்கள் கணவரின் தந்தைக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது யார் விடுப்பு எடுத்தார்கள்? பயணச் சீட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? மருத்துவமனையில் இரவு யார் தங்கினார்கள்?” அந்த விடைகளை வரிசையாக எழுதியபோது வாக்குமூலம் தானாக அமைந்துவிட்டது. ஏஜென்ட் எழுதித் தருவதற்காகக் காத்திருக்காதீர்கள். கேள்வி கேட்கச் சொல்லுங்கள், எழுத்து உங்களுடையதாகவே இருக்கட்டும்.

எங்கள் உறவு உண்மையானது என்று எங்களை அறிந்தவர்கள் எழுதித் தரும் 888 படிவத்திலும் அதே கவனம் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்ற, 18 வயது நிரம்பிய இருவராவது அதைத் தர வேண்டும். பதவியில் பெரியவர்களைத் தேட வேண்டாம், எங்கள் இருவரையும் சேர்த்து நேரில் பார்த்துப் பழகியவர்களே போதும் என்று அவர் சொன்னது சரியான அறிவுரை.

படிவம் நிரப்புதல், இந்தியப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகப் பெறும் பி.சி.சி. என்ற காவல்துறைச் சான்று, ஆஸ்திரேலிய உள்துறை அங்கீகரித்த மருத்துவரிடம் மெடிக்கல் ஆகியவற்றில் ஏஜென்டின் பங்கு மிகக் குறைவு. கடந்த 10 ஆண்டுகளில் 12 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று வேண்டும் என்பதும், ஸ்பான்சர் செய்பவரும், அதாவது துணையை அழைப்பவரும், சான்று தர வேண்டும் என்பதும் அரசு இணையதளத்திலேயே தெளிவாக உள்ளன. பெயர் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை: தலைப்பெழுத்து ஒரு சான்றிதழில் சுருக்கமாகவும் மற்றொன்றில் விரிவாகவும் இருந்தால், இரண்டு பெயர்களும் ஒருவருடையவையே என்பதற்கான விளக்கத்தைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும். இதை எங்களிடம் அவர்கள் சொல்லவில்லை. நாங்கள்தான் கேட்டுச் சேர்த்தோம்.

இனி குறைக்கு வருகிறேன். 956 படிவத்தின் வழியாக ஒருவரை ஏஜென்டாக நியமித்துவிட்டால், உள்துறையின் கடிதங்கள் அவருக்கே போகும், விண்ணப்பதாரருக்கு நேரடியாக வராது. கூடுதல் ஆவணம் கேட்டு வந்த ஒரு கடிதம் எங்கள் ஏஜென்டின் அஞ்சல் பெட்டியில் கிடந்தது. பதில் தரக் கொடுக்கப்பட்டிருந்த 28 நாளில் கணிசமான பகுதி கழிந்த பிறகுதான், அதுவும் நாங்களே பார்த்துத்தான் அது தெரியவந்தது. அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, உதவியாளர் விடுப்பில் இருந்ததாகச் சொன்னார்கள். கேட்ட ஆவணத்தை உரிய நாளுக்குள் சேர்த்துவிட்டோம் என்றாலும், ஒரு குடும்பத்தின் எதிர்காலம் ஒருவரின் விடுப்பைப் பொறுத்து நின்றதை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. எங்களைக் காப்பாற்றியது ஓர் எளிய வசதி: ஏஜென்ட் தாக்கல் செய்த விண்ணப்பத்தை, அதன் டி.ஆர்.என். குறிப்பு எண்ணைக் கொண்டு இம்மி அக்கவுண்ட் எனப்படும் உள்துறையின் இணையக் கணக்கில், நம் சொந்தப் பெயரில் இறக்கிக்கொள்ளலாம். நிலவரமும் கடிதங்களும் அதில் தெரியும். தாக்கல் செய்த அன்றே அந்த எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தரத் தயங்கும் ஏஜென்டிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்க வேண்டிய மற்றொரு வரி, இரண்டாம் கட்டத்தைப் பற்றியது. விண்ணப்பித்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, உறவு தொடர்வதற்கான புதிய ஆதாரங்களுடன் 100 விசாவுக்கான தகவல்களைத் தர வேண்டும். அரசு அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. எங்கள் ஏஜென்ட் வாங்குவார் என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. விசா மறுக்கப்பட்டால் ஸ்பான்சர் மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். அந்த வேலையும் தொகையில் சேராது.

முன்பு விசா மறுக்கப்பட்டிருப்பவர், ஸ்பான்சர் ஏற்கெனவே வேறொருவரை இதே வகையில் அழைத்திருப்பவர், முந்தைய திருமணத்தின் பிள்ளைகளை உடன் அழைப்பவர், காவல்துறை வழக்குப் பதிவு உள்ளவர் ஆகியோர் ஏஜென்ட் இல்லாமல் இறங்க வேண்டாம். சிக்கலற்ற விண்ணப்பமாக இருந்தால், முழுச் சேவைக்குப் பணம் கட்டாமல், ஆதாரங்களைப் பார்த்துச் சொல்லும் ஓரிரு ஆலோசனை அமர்வுகளுக்கு மட்டும் கட்டணம் செலுத்தலாம். பல ஏஜென்டுகள் அதற்கு ஒப்புக்கொள்கிறார்கள். எங்கள் இரண்டாம் கட்டத்துக்கு அதே அம்மையாரிடம் ஒரே ஓர் அமர்வு மட்டும் கேட்டிருக்கிறேன். தாக்கலை நாங்களே செய்கிறோம், கடிதங்கள் என் கணவரின் மின்னஞ்சலுக்கே வரும்.