லிங்க்ட்இன்னில் ஆறு மாம்பழ சீசன்

2019 ஆகஸ்டில், அந்த வருட சீசன் முடிந்த கையோடு, வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னில் கணக்கு தொடங்கினேன். மாங்கூழ் பேக்டரியில் குவாலிட்டி பார்ப்பவனுக்கு மே கடைசியிலிருந்து ஜூலை வரை தூங்க நேரம் இருக்காது. அதற்குப் பிறகு வேலை இருக்குமா என்பதே சந்தேகம். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. கொய்யா, தக்காளி ஓட்டுகிற பேக்டரி என்றால் தப்பித்தோம்.

முதல் இரண்டு வருடம் வெட்டி. கண்ணில் பட்டவருக்கெல்லாம் இணைப்புக் கோரிக்கை அனுப்பினேன். இணைப்பு 500 பேரைத் தாண்டினால் நம் லிங்க்ட்இன் பக்கத்தில் '500+' என்று மட்டும்தான் காட்டும். அந்தக் கூட்டல் குறிக்காக மொய் நோட்டில் எழுதுவது மாதிரி பேர் சேர்த்தேன். மொய் ஒன்றும் திரும்பி வரவில்லை. "போனை நோண்டினா லோடு கிளம்பிடுமாப்பா?" என்று முதலாளி கேட்டதில் நியாயம் இருந்தது.

கண்ணைத் திறந்து விட்டவர், என் முதல் பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்த ஓர் அண்ணன். இப்போது பெங்களூரில் ஜூஸ் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பார்க்கிறார். 2021-ல் போன் போட்டுச் சொன்னார்: "தம்பி, உன் பேருக்குக் கீழ 'குவாலிட்டி எக்ஸிக்யூட்டிவ்'னு போட்டிருக்க. நீ இருக்கிறது சோப்புக் கம்பெனியா, சட்டைக் கம்பெனியானு யாருக்குத் தெரியும்? நாங்க தோத்தாபுரினு அடிச்சுத்தான்யா தேடுவோம்."

நமக்கு அது பெங்களூரா மாங்காய்; கூழ் வாங்குகிறவருக்குத் தோத்தாபுரி. அன்று ராத்திரியே மாற்றினேன்: தோத்தாபுரி, அல்போன்சா மாங்கூழ், அசெப்டிக் டிரம், கிருஷ்ணகிரி. அசெப்டிக் டிரம் என்றால் கிருமி புகாமல் கூழை அடைக்கிற டிரம். பதவிப் பெயரைத் தூக்கிவிட்டேன். அதற்குப் பிறகுதான் முன்பின் தெரியாத பர்ச்சேஸ் ஆட்கள் என் பக்கத்தை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த திருப்பம் 2022 ஜூனில். இரண்டு நாள் மழைக்குப் பிறகு வந்த காயில் பிரிக்ஸ், அதாவது இனிப்பு அளவு, 13.2 காட்டியது. தோத்தாபுரிக் கூழுக்கு வாங்குகிறவர்கள் பொதுவாகக் கேட்பது குறைந்தபட்சம் 14. பிரிக்ஸ் அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டரைக் கையில் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்து, அந்த லாட்டைத் தனியாக நிறுத்தியதையும், நன்றாகப் பழுத்த இன்னொரு லாட்டோடு கலந்து 14.3-க்குக் கொண்டுவந்ததையும் பத்து வரியில் எழுதிப் போட்டேன். லைக் பதினொன்றுதான். ஆனால் மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். ஒருவர் சித்தூரில் லேப் பார்க்கிற மேடம். இன்னொருவர் துபாயில் ஜூஸ் கம்பெனிக்குக் கொள்முதல் செய்கிற நம் ஊர்ப் பக்கத்துக்காரர். புளிப்பு எவ்வளவு, கலந்த பிறகு நிறம் மாறியதா என்று அவர் துருவித் துருவிக் கேட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு கண்டெய்னர் ஆர்டர், 80 டிரம், ஒவ்வொன்றும் சுமார் 215 கிலோ. விலை பேசியது போனில், சாம்பிள் போனது கூரியரில். லிங்க்ட்இன் செய்தது கல்யாணத் தரகர் வேலை, அவ்வளவுதான்.

"இந்தப் பணிவான பயணத்தில்" என்று தொடங்கும் லிங்க்ட்இன் சுயபுராணங்களை நான் இப்போது படிப்பதில்லை. கோபத்தோடு அவற்றைப் படித்து வீணாக்கிய ராத்திரிகள் நிறைய.

அடியும் வாங்கியிருக்கிறேன். 2023-ல் ஒருவர், வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட் கொள்முதல் மேலாளர் என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்து கண்டெய்னர் வேண்டுமாம், அதற்கு முன்னால் சப்ளையர் பதிவுக் கட்டணமாம். முதலாளியிடம் பெயர் வாங்கும் ஆசையில் என் கைக்காசு 22,000 ரூபாய் கட்டினேன். அதோடு ஆள் காணோம். பிறகு நிதானமாகப் பார்த்தால், அவர் மெயில் கம்பெனி முகவரியே இல்லை, யாரும் இலவசமாகத் தொடங்கக்கூடிய வகை. ஒவ்வொருவர் லிங்க்ட்இன் பக்கத்திலும் 'இந்த ப்ரொஃபைல் பற்றி' என்று ஒரு பகுதி இருக்கிறது, 2022 அக்டோபரில் வந்தது. கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்று அதில் காட்டும். அந்த மகராசன் கணக்கு தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போதெல்லாம் புதிதாக யார் பெரிய ஆர்டர் பேசினாலும் முதலில் அங்கேதான் போகிறேன்.

இணைப்புக் கோரிக்கையோடு குறிப்பு எழுதி அனுப்புவதற்கு இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில வாய்ப்புகள்தான். அதனால் சும்மா வீசுவதில்லை. "மாங்கனிக் கண்காட்சியில் உங்கள் ஸ்டாலில் அசெப்டிக் பை பற்றிக் கேட்டவன் நான், சார்" என்கிற மாதிரி எழுதினால் பெரும்பாலும் பதில் வருகிறது. 'உங்கள் வலையமைப்பில் சேர விரும்புகிறேன்' என்பதற்கு எனக்கு ஒரு பதிலும் வந்ததில்லை.

2024-ல் வேலை மாறியதும் இப்படித்தான். விளம்பரத்துக்கு விண்ணப்பித்து நாற்பது இடத்தில் சத்தமில்லை. சித்தூர் மேடம்தான், "உங்க ஊர்லயே ஒரு இடம் காலியாகுது, கேட்டுப் பாருங்க" என்று சொன்னார். வருடம் முழுக்க ஓடுகிற பேக்டரி. இரண்டு வருடம் பிரிக்ஸ், புளிப்பு என்று பேசியவர், முகம்கூடப் பார்த்ததில்லை.

இன்று கணக்கில் 900 பேருக்கு மேல் இருக்கிறார்கள். போனில் பேசியிருப்பது முப்பது பேரோடு இருக்கும்.

காசு கட்டி எடுக்கிற பிரீமியம் கணக்கு பற்றிக் கேட்பவர்களுக்கு: ஒரு மாத இலவசச் சோதனையில் எடுத்துப் பார்த்தேன், பணம் பிடிப்பதற்கு முந்தின நாள் நிறுத்திவிட்டேன். நம் பக்கத்தை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் அதில் விரிவாகத் தெரியும். துபாய், ரோட்டர்டாம் என்று எதிர்பார்த்துத் திறந்தேன். பாதிப் பேர் பக்கத்துப் பேக்டரி ஆட்கள்.