வேர்விட்ட அத்தித் தடியைச் சாடிக்கு மாற்றும்போது: விறாந்தை நிழலா, பொலித்தீன் உறையா?

இவ்வருடம் வைகாசியில், கிண்ணியாவில் நண்பர் ஒருவரின் வளவில் கத்தரித்தபோது கிடைத்த சீமை அத்திக் கொப்புகளை வாங்கி வந்து, பென்சில் பருமனில் ஒரு சாண் நீளத் தடிகளாக வெட்டி, அடியில் துளையிட்ட தண்ணீர்ப் போத்தல்களில் ஈரத் தும்புத்தூளை நிரப்பி ஊன்றினேன். ஐந்தாம் வாரத்தில் 12 தடிகளிலும் இலைகள் விரிந்து, போத்தலின் உட்சுவரில் வெள்ளை வேர்கள் இறங்கியிருந்தன. அத்தித் தடியை வேர்விடச் செய்வது பெரிய வித்தை அன்று. சாடிக்கு மாற்றிய மறுநாள் நண்பகலில் இலைகள் ஈரத்துணிபோலத் தொங்குவதைத் தடுப்பதே வேலை. விறாந்தை நிழலில் வைத்துத் தண்ணீர் தெளிப்பது ஒரு வழி, பொலித்தீன் பையால் மூடி வைப்பது மற்றையது. ஆறு ஆறாகப் பிரித்து இரண்டையும் திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டிலேயே செய்துபார்த்தேன்; இனி நான் செய்யப்போவது மூடி வைப்பதைத்தான்.

இந்த வாட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் மண்ணில் நீர் இல்லாமை அன்று. அத்தி இலை அகலமானது. அதன் இலைவாய்கள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்க, அதை ஈடுசெய்யவேண்டிய வேர்களோ இன்னும் நன்றாகக் கிளைவிடாதவை, கை பட்டாலே முறியக்கூடியவை. வாடிய இலையைக் கண்டதும் மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால், காற்றோட்டம் இழந்த மண்ணில் இருக்கும் வேரும் அழுகிவிடும்.

மற்றவை இரு தொகுதிக்கும் ஒன்றே: மணலும் கூட்டெருவும் கழுவிய தும்புத்தூளும் சேர்ந்த, நீர் வடியும் கலவை. போத்தலை நெடுக்காகப் பிளந்து, வேரைப் பற்றியிருந்த தும்போடு அப்படியே இறக்கி, மண்ணை விரலால் அழுத்தாமல் தண்ணீர் ஊற்றியே படியவிட்டேன். பசளை எதுவும் இடவில்லை.

விறாந்தை நிழலில் செலவும் இல்லை, பூஞ்சணப் பயமும் இல்லை. ஆனால் ஆனி, ஆடியில் திருகோணமலையில் வீசும் கச்சான், தரைப்பக்கமிருந்து வரும் வறண்ட காற்று. நிழல் வெயிலைத் தடுக்குமேயன்றிக் காற்றைத் தடுக்காது. காலையில் தெளித்த நீர் சில நிமிடங்களிலேயே இலையில் காய்ந்துவிட்டது. வேலைக்குப் போகிறவருக்கு மாலைவரை மீண்டும் தெளிக்க வழியில்லை. ஆறில் நான்கு இலை முழுவதையும் உதிர்த்தன. அவற்றுள் இரண்டு பின்னர் துளிர்த்தன, இரண்டு பட்டுப்போயின.

மற்றைய ஆறு சாடிகளில் ஓரமாக மூன்று குச்சிகளை நட்டு, இலையில் முட்டாதபடி நிறமற்ற பொலித்தீன் பையைக் கவிழ்த்து, விளிம்பில் கயிற்றால் கட்டினேன். சற்று நேரத்தில் பையின் உட்புறம் நீர்த்துளிகள் பூத்தன. உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்தபின் இலை இழக்கும் நீர் வெகுவாகக் குறைகிறது. நேர்வெயில் பட்டால் உள்ளே வெப்பம் ஏறி இலை வெந்துவிடும் என்பதால், இவற்றையும் வெளிச்சமான நிழலிலேயே வைத்தேன். முதல் ஐந்து நாட்களில் ஒருமுறைகூடத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. நான் வீட்டில் இல்லாத நேரத்திலும் ஈரத்தை அந்தப் பையே காத்தது என்பதுதான் என் தெரிவைத் தீர்மானித்தது.

இம்முறையில் பிழைவிடக்கூடிய இடம், பையைத் திறக்கும் கட்டம். ஈரக்காற்றில் பழகிய இலையால் வறண்ட காற்றை உடனே தாங்க இயலாது. அவசரப்பட்டு ஆறாம் நாள் ஒரு சாடியின் பையை முழுவதும் கழற்றினேன். பிற்பகல் இரண்டு மணிக்குள் இலைகள் காம்போடு சரிந்தன. உடனே மூடியபின் இரவுக்குள் நிமிர்ந்தன. மற்றவற்றில் மேல்மூலையில் விரல் நுழையும் துளை ஒன்றிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை துளைகளைக் கூட்டி, பின்னர் இரவில் மட்டும் கழற்றி வைத்து, இரண்டு வாரத்தில் முழுவதும் எடுத்தேன். நண்பகலில் சற்றுத் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மண் ஈரமாக இருந்தும் விடிகாலையிலும் தொங்கினால் வேரைச் சந்தேகிக்க வேண்டும். ஆறும் தப்பின.

மாரி காலத்தில் நான் இதைச் செய்யவில்லை. அப்போது காற்றே ஈரமாக இருப்பதால் நிழல் மட்டுமே போதுமாக இருக்கலாம். உறைக்குள் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்பும் கூடுதல். பெரிய இலைகளைப் பாதியாக வெட்டிவிடச் சொல்பவர்களும் உண்டு. நிழலில் வைத்த இரண்டு சாடிகளில் அப்படிச் செய்தேன். இலை உதிர்க்காமல் நின்றவை அந்த இரண்டும்தான். இரண்டு சாடிகளைக் கொண்டு முடிவு சொல்ல முடியாதெனினும், உறை கட்ட வசதியில்லாதவர் அதையாவது செய்துபார்க்கலாம்.