கல்லாவுக்கு இரு பக்கமும் நின்று பார்த்த கைபேசிகள்

எந்தக் கம்பெனியின் கைபேசி நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். வாங்கி நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் ஒரு கடையில் அதை நீட்டிக் கவலையின்றிப் பணம் செலுத்த முடியுமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள் என்பேன். கும்பகோணத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 2018 முதல் கைபேசி வழியாகப் பணம் வாங்கியும், மருந்து மொத்த வியாபாரிகளுக்கு அதே கைபேசியால் பணம் அனுப்பியும் வருகிறேன். இந்த ஆண்டுகளில் மூன்று நிறுவனங்களின் கைபேசிகளை நானே வைத்துப் புழங்கியிருக்கிறேன்; கல்லாவுக்கு எதிரே நின்று வாடிக்கையாளர்கள் நீட்டும் கைபேசிகளை அன்றாடம் பார்க்கிறேன். கேமரா எத்தனை மெகாபிக்சல், பிராசசர் எந்தத் தலைமுறை என்று அலசும் விமர்சனங்களுக்குப் பஞ்சமில்லை. கைபேசியே பணப்பையாகிவிட்ட பிறகு அதன் தரத்தை எப்படி அளப்பது என்பதுதான் அவற்றில் போதிய அளவு பேசப்படாமல் இருக்கிறது.

பணம் செலுத்தும் வசதியைக் கைபேசி நிறுவனங்கள் தங்கள் பெயரோடு சேர்த்துக் கட்டிவைக்க முயன்றதுண்டு. ஆப்பிள் பே 2014 அக்டோபரில் அமெரிக்காவில் அறிமுகமானது. சாம்சங் பே 2017 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. அட்டையைத் தேய்க்கும் சாதாரண இயந்திரத்தின் அருகே கைபேசியைக் கொண்டுபோனால், அட்டையின் காந்தப் பட்டை தரும் சமிக்ஞையைப் போன்ற ஒன்றைக் கைபேசியே அனுப்பிவிடும். கடைக்காரர் புதிய இயந்திரம் எதையும் வாங்க வேண்டியதில்லை. அருமையான தொழில்நுட்பம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்குச் சாம்சங்கின் குறிப்பிட்ட மாடல்களில் ஒன்று கையில் இருக்க வேண்டும், கடையில் அட்டை இயந்திரமும் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் இந்த இரண்டும் ஒன்றுசேர்ந்த கடைகள் அரிது. பின்னாளில் வந்த மாடல்களிலிருந்து அந்தக் காந்த சமிக்ஞை வசதியைச் சாம்சங்கே நீக்கிவிட்டது. அந்த ஒரு வசதிக்காகவே அந்தப் பெயரை விடாமல் பிடித்திருந்தவர்களுக்கு அடுத்த கைபேசியில் அது கிடைக்கவில்லை.

இந்தியாவில் நிலைமையை மாற்றியது யூபிஐ. 2016 ஏப்ரலில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகமான என்பிசிஐ அதை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பும், டிசம்பர் இறுதியில் வந்த பீம் செயலியும் அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தன. எட்டாயிரம் ரூபாய்க் கைபேசியும் எண்பதாயிரம் ரூபாய் ஐபோனும் என் கல்லாவின் மேல் ஒட்டியிருக்கும் ஒரே கியூஆர் கோடைத்தான் ஸ்கேன் செய்கின்றன. 2020 ஜனவரி முதல் இதற்காக வணிகர்களிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று ஆனதால், பத்து ரூபாய்க்கு ஒரு மாத்திரைப் பட்டை விற்றாலும் எனக்கு அந்தப் பத்து ரூபாய் முழுதாக வருகிறது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யூபிஐ பரிவர்த்தனைகள் 2,000 கோடியைத் தாண்டின. பணம் செலுத்த இந்தக் கம்பெனியின் கைபேசிதான் வேண்டும் என்று எந்த நிறுவனமும் இன்று இங்கே சொல்ல முடியாது.

ஆனால் எந்தக் கைபேசியாக இருந்தாலும் ஒன்றுதான் என்று இதற்குப் பொருளில்லை. யூபிஐ செயலியை ஒரு கைபேசியில் முதன்முதலாகத் திறக்கும்போது, வங்கியில் பதிவான எண்ணுள்ள சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகிறது. அந்த எண்ணும் அந்தக் கைபேசியும் அப்போதுதான் ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. கைபேசியை மாற்றினால் இந்தப் பிணைப்பை மறுபடியும் செய்ய வேண்டும். சிம்மில் ரீசார்ஜ் முடிந்திருந்தால் குறுஞ்செய்தி போகாது. பிணைப்பு முடிந்த பிறகும் பொதுவாக முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப வங்கிகள் அனுமதிப்பதில்லை. திருடர்களிடமிருந்து காக்கும் நல்ல ஏற்பாடுதான் இது. ஆயினும் கைபேசி கெட்டுப்போவது என்பது இப்போது பணம் முடங்குவதாகவும் ஆகிவிட்டது. அடிக்கடி பழுதாகும் கைபேசியின் உண்மையான விலையில் இந்த முடக்கத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

என் கல்லாவுக்கு எதிரே தரம் எப்படிச் சோதிக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாதந்தோறும் சர்க்கரை நோய் மாத்திரை வாங்க வருவார். அவருடைய கைபேசியின் பின்பக்கக் கேமராவை மூடியிருக்கும் கண்ணாடி, சட்டைப் பையில் சில்லறையோடும் சாவியோடும் உரசி உரசி மங்கிப் போயிருந்தது. படம் எடுத்தால் ஓரளவு தெளிவாகவே இருக்கும். ஆனால் கியூஆரைக் காட்டினால் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து, செயலி தேடிக்கொண்டே நிற்கும். "சார், கொஞ்சம் தள்ளிப் பிடிங்க" என்பேன். அவர் கையை நீட்டுவார், பிறகு கிட்டே கொண்டுவருவார், கடைசியில் என் எண்ணைத் தட்டச்சு செய்து அனுப்புவார். அவருக்குப் பின்னால் வரிசை நிற்கும். அந்தக் கேமரா 48 மெகாபிக்சல் என்று பின்புறத்தில் அச்சிட்டிருந்தது. லென்சுக்கு மேல் என்ன கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அது கீறல் தாங்குமா, கேமரா மேடு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா என்பவையே அவருக்கு முக்கியமானவை. விளம்பரத்தில் அவற்றுக்கு இடமில்லை.

திரையின் ஒளியும் அப்படித்தான். கடைக்குள் நின்று செலுத்துபவருக்குப் பிரச்சினை இல்லை. பங்குனி, சித்திரை வெயிலில் தள்ளுவண்டிப் பழக்காரர் முன் நிற்பவர், கையால் நிழல் கட்டிக்கொண்டு தொகையைத் தட்டச்சு செய்வதை யாரும் பார்த்திருக்கலாம். 120 என்பது 1,200 ஆகிவிடும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வெயிலில் சூடேறியதும் பல கைபேசிகள் தாமாகவே திரையின் ஒளியைக் குறைத்துவிடுகின்றன. ஐபோனைச் சுற்றுப்புற வெப்பநிலை 35 டிகிரி செல்சியசைத் தாண்டாத இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். டெல்டாவில் கோடைக்காலப் பிற்பகல்கள் அதைத் தாண்டியே இருக்கும். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. இரண்டாண்டு ஆன கைபேசி 20 சதவீதத்தில் திடீரென்று அணைந்து, பில் போட்ட மருந்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் சார்ஜர் கேட்டு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்னுடைய முதல் கைபேசி விலைக்கு மீறிய தரத்தோடுதான் வந்தது. வேகம், பேட்டரி, அழைப்புத் தெளிவு எதிலும் குறை சொல்ல முடியாது. அதன் நிறுவனம் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை இரண்டாண்டில் நிறுத்தியது. அதற்குப் பிறகும் கைபேசி நன்றாகவே ஓடியது, அதனால் எனக்கு உடனே உறைக்கவில்லை. ஒருநாள் வங்கியின் செயலி, இந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் இனி இயங்காது என்று அறிவித்துவிட்டது. உடைசல் இல்லை, தேய்மானம் இல்லை, பேட்டரி நிற்கிறது. ஆனால் மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்ப அதனால் முடியாது. நல்ல நிலையில் இருந்த ஒரு பொருளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு இன்னொன்று வாங்க நேர்ந்ததில் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

இரண்டாவது கைபேசியில் சார்ஜர் செருகும் துளை தளர்ந்தது. அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் எங்கள் ஊரில் இல்லை. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனால், உதிரிபாகம் வர ஒரு வாரம் ஆகும், கைபேசியில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு ஒப்படைத்துப் போங்கள் என்றார்கள். அவர்கள் கேட்டதில் தவறில்லை. வங்கிச் செயலிகளோடு ஒரு கைபேசியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பது சரியுமில்லை. சாம்சங் 2022இலும் கூகுள் தன் பிக்சலில் 2023 இறுதியிலும், பழுதுபார்ப்பவர் சொந்தத் தகவல்களைப் பார்க்க முடியாதபடி பூட்டும் வசதியைக் கொடுத்தன. எல்லா நிறுவனங்களும், அதிலும் மலிவுவிலை மாடல்களில், இதைக் கொடுத்தாக வேண்டும். இது இல்லாத கைபேசியைச் சாதாரண ஒரு பழுதுக்குக் கொடுத்தாலும் எல்லாவற்றையும் அழித்துப் பின் முதலிலிருந்து பிணைக்க வேண்டியிருக்கிறது. இப்போது கையில் இருப்பது மூன்றாவது. விலை கூடுதல்தான். புதுப்பிப்பு எத்தனை ஆண்டு என்று எழுத்துமூலம் சொல்லியிருந்ததும், சர்வீஸ் சென்டர் கும்பகோணத்திலேயே இருந்ததும் இதை வாங்கக் காரணம், இதுவரை குறையில்லை.

என் மைத்துனர் ஐபோனைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினாலும் அதே நிறுவனம்தான். "அத்தான், நீங்க மூணு போன் மாத்துன காலத்துல நான் ஒன்னே ஒன்னுதான் மாத்தியிருக்கேன், கணக்குப் போட்டுப் பாருங்க" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் ஆரம்பிப்பார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024இல் வந்த ஐஓஎஸ் 18 மென்பொருள் கிடைத்தது. அந்த அளவு ஆதரவு அந்தக் காலத்து ஆண்ட்ராய்டு கைபேசிகளில் நினைத்துப் பார்க்க முடியாதது. கூகுளின் ஆண்ட்ராய்டு ஒன் திட்டமே இரண்டாண்டு பதிப்பு மேம்பாடு, மூன்றாண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு என்றுதான் உறுதி கூறியது. ஆனால் அவர் விசுவாசமாக இருப்பது அந்தப் பெயருக்கு. ஏழாண்டுப் புதுப்பிப்பு உறுதியை 2023 அக்டோபரில் பிக்சல் 8 கைபேசிக்குக் கூகுளும், 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் கொடுத்துவிட்ட பிறகு, அவர் வாதத்தின் முக்கால் பங்கு மற்றவர்களுக்கும் பொருந்துகிறது. என் மகள் இதற்கு நேர் எதிர். எந்தப் பெயரும் வேண்டாம், அந்த விலைக்கு யார் அதிக ரேம் தருகிறார்களோ அவரிடம் வாங்கலாம் என்பாள். ரேம் எத்தனை இருந்தாலும், புதுப்பிப்பு நின்ற கைபேசியை வங்கிச் செயலி ஒருநாள் ஏற்க மறுக்கும் என்பதை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு நிறுவனத்தை நம்பலாமா என்று தீர்மானிக்க, தவறு நேர்ந்தபோது அது எப்படி நடந்துகொண்டது என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 2016 ஆகஸ்டில் வந்த சாம்சங் நோட் 7 தீப்பிடித்தது. செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள், மாற்றிக் கொடுத்தவையும் எரிந்ததால் அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள், 2017 ஜனவரியில் பேட்டரிகளில் இருந்த குறைகளை வெளிப்படையாக விளக்கினார்கள். அடுத்த மாடலை மக்கள் ஏற்றுக்கொண்டதற்கு அந்த விளக்கமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். 2017 டிசம்பரில் ஆப்பிள், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்ததை ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதே செயலைப் பலர் நன்றியோடு ஏற்றிருப்பார்கள்.

செயலிகள் மீதுள்ள விசுவாசத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. போன்பே, கூகுள் பே இரண்டும் சேர்ந்து யூபிஐ பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைக் கையாள்கின்றன. 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தபோது, அந்த வங்கிக் கணக்கோடு கியூஆரை இணைத்திருந்த வியாபாரிகள் மார்ச் 15க்குள் வேறு வங்கிக்கு மாற வேண்டியிருந்தது. அன்றிலிருந்து கடையில் இரண்டு வங்கிகளின் கியூஆரை வைத்திருக்கிறேன். 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் யூபிஐ கட்டமைப்பே தடைபட்டபோது எந்தச் செயலியும் உதவவில்லை. அதற்காகக் கல்லாவில் சில்லறை இருக்கிறது.

கைபேசியை மாற்றுபவர்கள் தவறவிடும் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சிறு தொகை செலுத்தும்போது ரகசிய எண் (PIN) கேட்காத யூபிஐ லைட்டில் உள்ள பணம், அந்தக் கைபேசியோடு இணைந்த இருப்பு. பழைய கைபேசியை விற்பதற்கு முன்பு அதை நிறுத்தி, மீதியை வங்கிக் கணக்குக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். கைபேசி தொலைந்தால் சிம்மை முடக்குவதோடு நிற்காமல், காவல்துறையில் புகார் செய்து, 2023 முதல் நாடு முழுவதும் செயல்படும், தொலைந்த கைபேசிகளை முடக்குவதற்கான அரசின் சிஇஐஆர் தளத்தில், ஒவ்வொரு கைபேசிக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துக் கைபேசியையும் முடக்குங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள்.

பெட்டியில் விலையும், தயாரித்த மாதமும், நாடும் அச்சிடப்படுகின்றன. ஐபோன்களில் கணிசமானவை இன்று நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலேயே உருவாகின்றன என்பதையும் அறிகிறோம். ஆனால் அந்தக் கைபேசிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதியோடு நிற்கும் என்பதை எந்தப் பெட்டியிலும் நான் பார்த்ததில்லை, கடைப்பையனுக்கும் தெரிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிப்புத் தர வேண்டும் என்றும், பேட்டரி எத்தனை சார்ஜ் சுற்றுகள் தாங்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பவற்றை லேபிளில் காட்ட வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று மதிப்பெண் இடும் பழுதுநீக்கக் குறியீடு ஒன்றைப் பரிந்துரைத்து 2025 மே மாதத்தில் அறிக்கை கொடுத்திருக்கிறது. மென்பொருள் புதுப்பிப்பும் அதன் அளவுகோல்களில் ஒன்று. அது நடைமுறைக்கு வரும்போது மதிப்பெண்ணாக மட்டும் இல்லாமல், மருந்து அட்டையில் காலாவதி நாளை அச்சிடுவதைப் போல, கடைசிப் புதுப்பிப்பின் மாதத்தையும் ஆண்டையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடச் சொல்ல வேண்டும். அதுவரை, கைபேசி வாங்கப் போகிறவர்கள் அந்தத் தேதியைக் கடைக்காரரிடம் கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்; எழுதித் தர மறுக்கும் மாடலை நான் வாங்குவதில்லை.