சந்திரதால் "ஏரிக்கரை டென்ட்" பேக்கேஜ்: 23,400 ரூபாய் போச்சு, யாரும் ஏமாறாதீங்க

மணாலிக்கு வந்து சேர்ந்து பையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கை நடுங்குகிற கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். சோஷியல் மீடியாவில் இமயமலை டூர் பேக்கேஜ் விற்கும் ஒரு பக்கம், 23,400 ரூபாயை முழுசாக வாங்கிக்கொண்டு, வயசான அப்பாவோடு எங்களை அந்தக் குளிரில் நிற்க வைத்துவிட்டது. புக் பண்ணும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இமாச்சலில் ஸ்பிதி பக்கம் மலைமேல் இருக்கும் சந்திரதால் ஏரியைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஏரிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடைதான், பெரிய ஏற்றமும் இல்லை. அதனால் நான், தங்கை, அப்பா மூவரும் கிளம்பினோம். பேக்கேஜில் சொன்னது: ஏரிக்கரையிலேயே டென்ட், சாப்பாடு, கூட நடக்க ஒரு கைடு, ஆக்சிஜன் சிலிண்டர், எல்லா பர்மிட்டும். மணாலியிலிருந்து கார் மட்டும் எங்கள் பொறுப்பு.

போனில் பேசியவர் தமிழ்க்காரர். விலையைப் பற்றிப் பேசும் முன்பே, "அக்கா, அப்பாவுக்கு பிபி, சுகர் ஏதாவது இருக்கா? மருந்துச் சீட்டை அனுப்புங்க, கைடுகிட்ட சொல்லி வைக்கிறேன்" என்றார். போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டு, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் படித்துக் காட்டி, எது காலையில் எது ராத்திரியில் என்று கேட்டுக்கொண்டார். "எங்க அப்பா மாதிரி பாத்துக்குவோம்க்கா." அந்த ஒரு பேச்சில்தான் நம்பினேன். பாதி அட்வான்ஸ் தருகிறேன் என்றபோது, "பர்மிட்டுக்கு முழுசா கட்டணும்க்கா, டென்ட்டும் ரெண்டுதான் பாக்கி" என்றார். யூபிஐயில் 23,400 ரூபாயும் போனது. புக்கிங் நம்பரோடு பில் வந்தது.

அடல் டனலில் நுழையும் முன்பே டிரைவர், "இந்த வழியா போக ரோதாங் கணவாய் பர்மிட்டே வேண்டாமே, எதுக்குக் காசு கொடுத்தீங்க?" என்று கேட்டார். உடனே போன் செய்தேன். "அது வேற பர்மிட்க்கா, லேக் பர்மிட்" என்றார். எல்லைப் பகுதிகளுக்குப் போக வாங்கும் இன்னர் லைன் பர்மிட்டும் இந்தியர்களுக்கு அங்கே தேவையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. கிராம்பு என்ற இடத்தைத் தாண்டியதும் எங்கள் போன்களில் சிக்னல் போய்விட்டது. அதன் பிறகு பாதையா அது! கல்லும் ஓடைத் தண்ணீரும்தான். ஏரிக்கு முன்னால் வழியில் இருக்கும் படால் என்ற இடத்துக்கு வந்து சேர்வதற்குள் அப்பா துவண்டுவிட்டார்.

கேம்ப்பில் இருந்த பையன் ரிஜிஸ்டரைத் திறந்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினான். எங்கள் பெயர் இல்லை. பக்கத்தைத் திருப்பி மறுபடியும் தேடினான். இல்லை. பில்லைக் காட்டினேன். "இந்த ஆளிடமிருந்து எங்களுக்குப் பணமே வரவில்லை. ஏரிக்கரையில் டென்ட் போடவே தடை, அங்கே யார் தருவார்கள்?" என்றான். சந்திரதால் 2005-லேயே ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த ஈரநிலம். டென்ட்டுகள் எல்லாம் ஏரியிலிருந்து தள்ளி, கீழேதான். கைடும் இல்லை, சிலிண்டரும் இல்லை. மறுபடி பணம் கொடுத்துத்தான் அன்று படுக்க இடம் கிடைத்தது.

ராத்திரி முழுக்க அப்பாவுக்குத் தலைவலி, வாந்தி. மணாலி சுமார் 2,050 மீட்டர், அந்த இடம் 4,200 மீட்டருக்கு மேல். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. மருந்துச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்ட அதே ஆள்தான் ஒரே நாளில் மேலே போய்ப் படுக்கும்படி பிளான் போட்டுக் கொடுத்தார். பணத்தைக்கூட விடுங்கள், இதை என்னால் மன்னிக்க முடியாது.

விடிந்ததும் நானும் தங்கையும் மாறி மாறிப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு வந்தோம். பாதை தெளிவாக இருக்கிறது, கைடே தேவையில்லை. யாருக்காக வந்தோமோ அவர் வண்டியிலேயே கண்ணை மூடிப் படுத்திருந்தார். கீழே இறங்க இறங்கத்தான் அப்பா தேறினார்.

சிக்னல் வந்ததும் கூப்பிட்டேன். முதலில், "கேம்ப்காரன் பொய் சொல்றான்க்கா." அடுத்து, "ஏழு வொர்க்கிங் டேஸ்ல ரீஃபண்ட் வரும்." பிறகு, "மேனேஜர் லீவு." அப்பாவின் நிலைமையை வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். கேட்டதற்கான நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. இப்போது பிளாக். 23,400 ரூபாய்!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், அப்பா கூப்பிடுகிறார். சுருக்கமாக: "ஏரிக்கரையில் டென்ட்" என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள். கேம்ப்பின் பெயரைக் கேட்டு வாங்கி, அவர்களிடமே நேரடியாகப் பேசுங்கள். வழியில் எங்காவது தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு மேலே போங்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், பேங்க்கிலும் சொல்லுங்கள். நான் புகார் கொடுத்துவிட்டேன்.