பாஸ்தெலோன்: பழத்தைப் பொரிப்பதா, மசிப்பதா?

கரீபியன் தீவுகள் பக்கம், போர்ட்டோ ரிக்கோவிலும் சரி, டொமினிக்கன் குடியரசிலும் சரி, பாஸ்தெலோன் என்றால் பழுத்த சமையல் வாழையும் மாட்டுக் கொத்துக்கறியும் சீஸும் அடுக்கி ஓவனில் வைப்பதுதான். லசானியாவில் மாவுத் தகடு இருக்கும் இடத்தில் இங்கே பழம். அந்தப் பழத்தை என்ன செய்வது என்பதில்தான் இரண்டு ஊர்க்காரர்களும் பிரிகிறார்கள். போர்ட்டோ ரிக்கோவில் பெரும்பாலும் நீளவாக்கில் சீவிப் பொரித்து அடுக்குகிறார்கள். டொமினிக்கன் வீடுகளில் வேகவைத்து, வெண்ணெய் போட்டு மசித்துப் பரப்புகிறார்கள். காலையில் வாழைக்காயை மசித்து 'மங்கூ' சாப்பிடுகிற ஊர், பழத்தையும் மசிப்பதில் ஆச்சரியம் இல்லை.

ருசிக்கு என் ஓட்டு பொரித்ததற்கு. எண்ணெயில் பழத்தின் சர்க்கரை கருகத் தொடங்குகிற அந்த ஓரம் இருக்கிறதே, அது மசியலில் வரவே வராது. ஆனால் வேலை அதிகம். நாலைந்து பழத்தை ஒவ்வொன்றும் மூன்று, நான்கு பட்டையாகச் சீவி, மிதமான தீயில் இரண்டு பக்கமும் சிவக்கவிட்டு எண்ணெய் வடிக்க வேண்டும். தீ கூடினால் வெளியே கருகிவிடும், உள்ளே வேகாது. முதல் தடவை அவசரப்பட்டு, மஞ்சள் மாறாத பழத்தைச் சீவினேன். பட்டை வளையவே இல்லை, அடுக்கும்போதே படக் படக்கென்று உடைந்தது. தின்றால் மாவு.

அப்புறம்தான் புரிந்தது, எது செய்வது என்பதைக் கையில் இருக்கும் பழம்தான் முடிவு செய்கிறது. தோல் முக்கால்வாசி கறுத்து, அழுத்தினால் லேசாக அமுங்குகிறதா? பொரியுங்கள். மஞ்சளில் அங்கங்கே கறுப்புப் புள்ளிதானா? வேகவைத்து மசியுங்கள். நன்றாகக் கனிந்ததை வேகவைத்தால் தண்ணீர் குடித்துக் கூழாகிவிடும். மசிப்பதைச் சூடு ஆறுமுன் மசிக்க வேண்டும், ஆறினால் கட்டி தட்டும். நம்மூர் நேந்திரனும் இதே சமையல் வாழை இனம்தான், தாராளமாகப் போடலாம். பூவன், ரஸ்தாளி பக்கம் போகாதீர்கள்.

கறியில் பெரிய சண்டை இல்லை. அரை கிலோ கொத்துக்கறி, தக்காளி சாஸ், நறுக்கிய ஆலிவ். போர்ட்டோ ரிக்கோ சமையலில் அடித்தளம் சோஃப்ரீத்தோ: வெங்காயம், பூண்டு, காரமில்லாத சின்ன மிளகாய், 'ரெக்காவ்' என்ற நீள இலை எல்லாம் அரைத்த விழுது. ரெக்காவ் கொத்தமல்லி மாதிரியே மணக்கும், வாசம் இன்னும் தூக்கல். சிலர் உலர்திராட்சையும் போடுவார்கள். பழமே தித்திக்கும்போது அது எதற்கு? ஆலிவின் உப்பும் புளிப்பும்தான் இந்தத் தித்திப்பைத் தாங்கும், அதை மட்டும் விடாதீர்கள். கறியை ஈரம் போக வற்றவிடுங்கள். மசித்த வகைக்கு இது ரொம்ப முக்கியம், இல்லாவிட்டால் வெட்டும்போது எல்லாம் சேர்ந்து சரியும்.

அடித்த முட்டை பொரித்த வகைக்குத்தான் தேவை. இரண்டு மூன்று முட்டையை அடித்து ஊற்றினால் பட்டைகளின் இடுக்கில் இறங்கி, வெந்ததும் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும். மசியல் தன்னாலேயே ஒட்டும். இதே அடுக்கில் பச்சை பீன்ஸ் சேர்த்தால் போர்ட்டோ ரிக்கோவில் பலர் 'பின்யோன்' என்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பவர்களும் உண்டு.

இரண்டுக்குமே 180 டிகிரி, அரை மணி நேரம் போதும். வெளியே எடுத்ததும் கத்தியை எடுக்காதீர்கள், கால் மணி நேரமாவது ஆறட்டும். பத்துப் பேருக்குச் சமைக்கிற நாளில் நான் மசித்துவிடுகிறேன். நாலு பேர் என்றால், கறுத்த பழமும் கிடைத்துவிட்டால், எண்ணெய்ச் சட்டியை எடுத்துவிடுவேன்.